மரத்தை அறுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் வரைந்து வையுங்கள்

மதுரை வேளாண்மைக் கல்லூரி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, மதுரை, திண்டுக்கல் மாவட்டத் தோட்டக்கலைத் துறை ஆகியவற்றில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நத்தம், அழகர்கோவில், அலங்காநல்லூர், சிறுமலை, தாண்டிக்குடி பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற பழைய மா, வாழை ரகங்களை ஓவியர்களை வைத்து வரைந்து வையுங்கள். வாட்டர்கலரில், பழம் இருக்கிற அளவிலேயே, அறுத்த பாதி, கொட்டை, இலை, பூ எல்லாம் ஒரே தாளில் வரும்படி. தோப்புக்காரர் அந்தப் பழத்துக்குச் சொல்லும் பெயரும், ஊரும், தேதியும் அடியில் இருக்க வேண்டும். வரைந்த மாமரத்திலிருந்து அந்தப் பருவத்திலேயே ஒட்டுக்குச்சி எடுத்து உங்கள் பண்ணையில் வேறு மாங்கன்றில் ஒட்டுக் கட்டிவிட வேண்டும்.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விவசாயம் படித்தவன் இல்லை. மனைவி வழியில் நத்தம் பக்கம் சொந்தம் உண்டு என்பதால் தோப்புகளோடு பழக்கம். அங்கே பார்ப்பதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

குத்தகைக்காரர் தோப்புக்குள் வந்ததும் எண்ணுவது செந்தூரம், இமாம்பசந்து, பங்கனப்பள்ளி, காசா மரங்களைத்தான். கல்லாமைக்கு ஒரு விலை உண்டு. கிளிமூக்கு கூழ் ஆலைக்குப் போகும். மிச்சம் நிற்கிற நாட்டு மரங்கள் அவர் கணக்கில் வருவதே இல்லை. கிணற்றடி மரம், வரப்பு மரம் என்று நிற்கிற இடத்தைச் சொல்லித்தான் அவற்றுக்குப் பெயர். ஒரு மரத்துக் காய் ஊறுகாய்க்கு ஆகும், இன்னொன்று வடுவுக்கு மட்டும் ஆகும், வேறொன்றைப் பழுக்கவிட்டு உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும், கத்திக்கு அடங்காத நார். எல்லாம் வயதான, உயரமான மரங்கள். ஏறிப் பறிக்க ஆள் இல்லை. ஒரு வருஷம் காய்த்தால் அடுத்த வருஷம் சும்மா நிற்கும். விறகுக்கும் பலகைக்கும் விற்றால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்காவது தேறும் என்று தோப்புக்காரர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் மரம் போனால் என்ன போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்து மாங்கொட்டையில் பெரும்பாலும் ஒரே ஒரு கருதான். அது இரண்டு மரங்களின் கலப்பில் பிறந்தது. கொட்டை போட்டு முளைத்த மரம் ஒவ்வொன்றும் தனி ரகம், அதன் கொட்டையை ஊன்றினாலும் அதே பழம் வராது. மேற்குக் கடற்கரையில் சில ரகங்களில் ஒரே கொட்டைக்குள் பல கரு இருக்கும், தாயைப் போலவே கன்று வரும். நத்தத்து வரப்பு மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒட்டுக் கட்டாமல் அறுத்துவிட்டால் அந்தப் பழம் அதோடு சரி.

சரி, இதற்குப் படம் எதற்கு, கன்று போதாதா என்று கேட்பீர்கள். கன்று உயிரோடு இருக்கும். அது எந்தப் பழம் என்பதை யார் சொல்வது? சில வருஷங்களுக்கு முன் ஒரு பழக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். நாலு தட்டு, நாலும் வேறு வேறு பழம். ஒன்று தட்டை, ஒன்று உருண்டை, ஒன்றுக்கு மூக்கு கிளிமூக்கு மாதிரியே. நாலு தட்டிலும் ஒரே சீட்டு: ‘நாட்டு மா’. அங்கிருந்த தம்பியிடம் கேட்டதற்கு, “எல்லாமே நாட்டு ரகம்தான் சார்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, விஷயமும் இல்லை.

இதே குழப்பம் அமெரிக்காவில் ஆப்பிளுக்கு இருந்தது. நர்சரிக்காரர் வைத்ததுதான் பெயர். ஒரே ஆப்பிள் நாலு ஊரில் நாலு பெயரில் விற்கும். பேர் வாங்கிய ரகத்தின் பெயரை ஒட்டி வேறொரு கன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். செடிகளுக்கான காப்புரிமைச் சட்டம் அங்கே 1930-ல்தான் வந்தது. ‘இந்தப் பெயர் என்றால் இந்தப் பழம்’ என்று நிலைநாட்ட அதற்கு முன்பே ஒரு வழி தேவைப்பட்டது. நிறத்தை நம்பும்படி காட்டுகிற போட்டோ அன்று கிடையாது. 1886-ல் அந்த நாட்டு வேளாண் துறை பழங்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்தது. நாட்டின் மூலை முடுக்கிலிருந்து விவசாயிகள் பழத்தைக் கட்டி அனுப்புவார்கள், வாஷிங்டனில் உட்கார்ந்து வரைவார்கள். 1942 வரை இது நடந்தது. சுமார் 7,500 வாட்டர்கலர் தாள்கள் சேர்ந்தன, அதில் ஏறக்குறையப் பாதி ஆப்பிள். ஓவியர்களில் பெண்கள் கணிசமானவர்கள். டெபோரா பாஸ்மோர் என்ற அம்மாள் மட்டும் 1,500-க்கு மேல் வரைந்திருக்கிறார்.

அந்தத் தாள்களை நீங்கள் ஒருமுறை இணையத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேலே முழுப் பழம், கீழே அறுத்த பாதி. அலங்காரம் கிடையாது, பின்னணி கிடையாது, வெறும் தாள். அனுப்பியவர் பெயர், ஊர், தேதி, மாதிரி எண் எல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், புழு துளைத்த பழத்தையும் அழுகத் தொடங்கிய பழத்தையும் அதே அக்கறையோடு வரைந்திருக்கிறார்கள். அழகுக்காக வரைந்திருந்தால் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். இணையத்தில் ஏற்றிய புதிதில் பெரிய அளவுப் படத்துக்குக் காசு கேட்டுப் பார்த்தார்கள், வந்த வருமானம் சொற்பம். 2015-ல் முழுத் தெளிவோடு எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

அதில் மாம்பழத் தாள்களும் இருக்கின்றன. 1889-ல் இந்தியாவிலிருந்து கொஞ்சம் ஒட்டு மாங்கன்றுகள் ஃபுளோரிடாவுக்குப் போயின. 1895-ல் விழுந்த உறைபனியில் ஒன்றைத் தவிர எல்லாம் பட்டுப்போயின. தப்பியது மல்கோவா, அவர்கள் எழுதுவது முல்கோபா. அதன் கொட்டையை 1902-ல் ஊன்றி வந்த மரம்தான் ஹேடன். இன்று அமெரிக்கக் கடைகளில் சிவப்புக் கன்னத்தோடு இருக்கிற மாம்பழங்களில் பலவற்றுக்கு அதுதான் பாட்டி. அந்த முல்கோபாவுக்கு அங்கே வரைந்த தாள் இருக்கிறது. நத்தத்துக் கல்லாமைக்கு இங்கே அப்படி ஒரு தாள் உங்கள் பீரோ எதிலாவது இருந்தால் எடுத்துக் காட்டுங்கள், இந்தக் கடிதத்தை அப்படியே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அமெரிக்கா பணக்கார நாடு, நமக்குக் கட்டுப்படியாகுமா என்று யாராவது சொல்வார்கள். இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்டு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிளைப் புளிக்கவைத்துச் செய்யும் ‘சைடர்’ பானத்துக்குப் பேர் போன ஊர். அங்கிருந்த பழைய ஆப்பிள், பேரி மரங்கள் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து உள்ளூர் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று, வூல்ஹோப் சங்கம் என்று பெயர், தானே வேலையில் இறங்கியது. ஹென்றி புல் என்ற ஊர் டாக்டர்தான் முன்னின்றார். அவர் மகள் எடித்தும் ஆலிஸ் எல்லிஸ் என்ற பெண்ணும் வரைந்தார்கள். பழங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த ராபர்ட் ஹாக் பதிப்பில் துணை நின்றார். 1876-லிருந்து 1885 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார்கள்: 77 வண்ணத் தாள்கள், 432 வகை ஆப்பிளும் பேரியும், அச்சடித்தது 600 பிரதிதான். பெயர் தெரியாத பழைய ஆப்பிள் மரம் கண்ணில் பட்டால் இன்றைக்கும் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஒரு மாவட்டம், ஒரு டாக்டர், இரண்டு பெண்கள். நமக்கு இரண்டு கல்லூரிகளே இருக்கின்றன.

வரைகிற கைக்கும் இங்கே பஞ்சம் இருந்ததில்லை. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் செடிகளையும் பறவைகளையும் வரைய வைத்தார். சென்னை மாகாணத்தில் டாக்டராக வந்த ராபர்ட் வைட்டுக்கு ரங்கய்யா, அப்புறம் கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் கிடைத்தார்கள். 1838-லிருந்து 1853 வரை வைட் வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ என்ற இந்தியத் தாவரப் படத் தொகுதிகளில் 2,101 தாள்கள். வரைந்தவர் பெயரைப் போடாமல் விடுவதுதான் அன்றைய வழக்கம். வைட் அவர்கள் பெயரைத் தாளிலேயே அச்சிட்டார். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். அவர்கள் கைப்பட வரைந்தவை எடின்பர்க் தாவரத் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன. முடிந்தால் அந்தப் படங்களில் பூவைப் பிரித்துப் போட்டிருக்கிற விதத்தைப் பாருங்கள். மகரந்தப் பை, சூல்முடி, சூற்பையின் குறுக்குவெட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக. நம் ஆட்களுக்குப் பொறுமை இல்லை என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் வைட்டுக்கு வேண்டியது இனங்கள். தாவரவியல்காரருக்கு மா என்றால் ஒன்றே ஒன்றுதான், மாஞ்சிஃபெரா இண்டிகா. கல்லாமையும் காசாவும் சப்பட்டையும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். ரகம் என்பது தோட்டக்காரர் கணக்கு, சந்தைக்காரர் கணக்கு. ரங்கய்யாவின் கையை வைத்திருந்தும் நாம் அந்தக் கணக்கை வரையவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வேலைக்குத் தகுதியான துறை என்றால் அது உங்கள் துறைதான்.

இப்போது செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னவுடன் எல்லாரும் கேட்பது அதைத்தான். போட்டோவும் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போட்டோ காட்டுவது அன்று கையில் கிடைத்த அந்த ஒரு பழத்தை. ஓவியர் ஒரு மரத்தின் பத்துப் பழங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, எது இந்த மரத்தின் சாடை, எது அந்த ஒரு காய்க்கு மட்டும் வந்த கோணல் என்று பிரித்துத்தான் பென்சிலை எடுப்பார். தையில் பூத்த பூவும் வைகாசியில் பழுத்த பழமும் ஒரே போட்டோவில் வராது, ஒரே தாளில் வரும். மஞ்சள் நிறத்தில் செல்போன் செய்கிற கூத்து உங்களுக்கே தெரியும். இமாம்பசந்தின் பச்சை கலந்த மஞ்சளும் பங்கனப்பள்ளியின் பளிச் மஞ்சளும் திரையில் ஒன்றாகிவிடும், அல்லது போனுக்குப் போன் மாறும்.

வரைய உட்கார்ந்தால்தான் சில விஷயம் கண்ணுக்கே தெரியும். மாம்பழத் தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சில ரகத்தில் ஊசி முனை அளவில் நெருக்கமாக இருக்கும். சிலதில் பெரிதாக, தள்ளித் தள்ளி, சுற்றிலும் வெளிறிய வளையத்தோடு இருக்கும். செந்தூரத்தின் சிவப்பு வெயில் பட்ட தோள்மேல்தான் கனமாக ஏறும், மறுபக்கம் மஞ்சளாகவே நிற்கும். அதனால் பழத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் வரைய வேண்டும். காம்பு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறதா, மேட்டில் நிற்கிறதா. இரண்டு தோளும் சமமா, ஒன்று சரிந்திருக்கிறதா. மூக்குக்கு மேலே பள்ளம் விழுகிறதா. இதையெல்லாம் பக்கவாட்டுக் கோடு ஒன்றே சொல்லிவிடும். கொட்டையைக் கழுவிக் காயவைத்து வரைந்தால் நார் எந்தப் பக்கம் நீளம், எந்தப் பக்கம் கட்டை என்று தெரியும். பென்சிலை வைக்கும் முன் காம்பை ஒடித்துப் பழத்தைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், பால் வழிந்தால் தோலில் கறை ஏறிவிடும், அப்புறம் எந்த நிறம் பழத்துடையது, எந்த நிறம் பாலுடையது என்று திண்டாட்டம்தான்.

வாழை இன்னும் அவசரக்காரன். அறுத்த முகம் கண்ணெதிரே கறுக்கும். முதலில் வட்டத்தையும் நடு விதைத் தடத்தையும் அளந்து போட்டுக்கொண்டு, நிறத்துக்குப் புதிதாக இன்னொரு பழத்தை அறுக்க வேண்டும். சிறுமலைப் பழத்தின் தோல் சுருங்கிக் கறுத்த பிறகுதான் சதை பதமாக இருக்கும், பார்க்க அழகாக இருக்கிறதே என்று மஞ்சளாக இருக்கும்போதே வரைந்துவிட்டால் அது சிறுமலைப் பழமே இல்லை. தாரையும் சீப்பையும் வரைய வேண்டும், பூவின் மடலை விரித்து வரைய வேண்டும்.

வாழையைச் சொல்லும்போது நோயையும் சேர்க்கச் சொல்வேன். விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம். அதே பழனி மலைச்சரிவில் முடிக்கொத்து நோய் வந்து மலைவாழையை எந்த அளவுக்கு அழித்தது என்பது உங்கள் துறையின் பழைய ஆட்களுக்குத் தெரியும். அசுவினி பரப்புகிற வைரஸ், உச்சியில் இலைகள் குட்டையாகி விறைத்துக் கொத்தாக நிற்கும். நோய் முதலில் தலைகாட்டும்போது இலைக்காம்பில் ஓடுகிற கரும்பச்சைக் கோடு எப்படி இருக்கும் என்பதை நல்ல ஓவியர் ஒருவர் வரைந்து, அந்தத் தாளை மலையூர்களின் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால், கூட்டம் போட்டுப் பேசுவதைவிடப் பலன் இருக்கும் என்பது என் எண்ணம்.

யார் வரைவது? பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். மே மாதத்துக்கும் சம்பளம் வேண்டும் என்று வருஷக்கணக்காகக் குரல் கொடுத்து வந்தவர்கள். மாம்பழம் பழுப்பதும் மே மாதம்தான். தாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி அவர்களைக் கூப்பிடுங்கள். ரூபாயை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் கௌரவமாக இருக்கட்டும். தாளில் தோப்புக்காரர் பெயரோடு ஓவியர் பெயரும் வர வேண்டும், 1840-லேயே வைட் செய்ததை நாம் செய்யாமல் விடக் கூடாது. கூடவே உங்கள் மாணவர் ஒருவர் போகட்டும். எடை, நீளம், இனிப்பு எல்லாம் அவர் பார்த்து எழுதிக்கொள்ளலாம். முதல் முறை போகும்போதே ஒட்டுக்கு ஆகிற கிளைகளைப் பார்த்து இலையைக் கிள்ளிவிட்டு வந்தால், ஒன்றிரண்டு வாரத்தில் மொட்டு பருத்திருக்கும், அப்போது போய்க் குச்சியை வெட்டி வரலாம். ஆனி, ஆடி ஈரப்பதத்தில் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். இது நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது, நான் உங்களுக்குச் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் மட்டும் ஒரு கண்டிப்பு வேண்டும். ஆபீஸுக்கு வந்த பிறகு பெயரைத் திருத்தக் கூடாது. தோப்புக்காரர் ஒன்று சொல்வார், பறிக்கிறவர் ஒன்று சொல்வார், மாட்டுத்தாவணி கமிஷன் கடையில் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். மூன்றையும் எழுதுங்கள், யார் சொன்னது என்பதோடு. வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். எந்த மரத்து வடு மாசி வரை தாங்கும், எது ஆடிக்குள் குழையும் என்று அவர்களுக்குத்தான் தெரியும், அதைக் குத்தகைக்காரரிடம் கேட்டால் சிரிப்பார்.

படத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டால் வெளியாள் எவனாவது நம் ரகத்தைத் தன்னுடையது என்று சொல்லிவிடுவானே என்ற பயம் சிலருக்கு உண்டு. எனக்கு எதிர்ப்பக்கம்தான் பயம். ஊர், தேதி, தோப்புக்காரர் பெயரோடு ஒரு தாள் வெளியே எல்லார் கண்ணிலும் இருந்தால், நாளைக்கு எவனும் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று வர முடியாது. பீரோவுக்குள் பூட்டிய தாளால் யாரையும் தடுக்க முடியாது. 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டப்படி விவசாயி தன் ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்யலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. அந்த விண்ணப்பத்தில் பழத்தின் வடிவம், தோள், மூக்கு, இலை நுனி என்று வரிசையாகக் கேட்பார்கள். நத்தத்து விவசாயி அந்தப் படிவத்தைப் பார்த்தே பயந்துவிடுவார். வரைந்த தாள் கையில் இருந்தால் உங்கள் மாணவர் அதைப் பார்த்தே பாதிப் படிவத்தை நிரப்பித் தந்துவிடலாம்.

மூலத் தாள்கள் கல்லூரியிலேயே இருக்கட்டும், பூச்சி அரிக்காத பெட்டியில், வெயில் படாமல். நகல்களை நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கோடை விடுமுறையில் வைக்கலாம். மாம்பழ வண்டிகள் மதுரைக்குள் வருகிற அதே சாலை. பிள்ளைகள் கூட்டமாக வருகிற இடம்.

எல்லா ரகத்தையும் ஒரே வருஷத்தில் முடிக்கச் சொல்லவில்லை. நத்தம் பக்கம் ஒரு தோப்பு, சிறுமலையில் ஒரு தோட்டம், முதல் வருஷத்துக்கு இது போதும். சிறுமலைக்குப் போகிறவர்கள் 18 கொண்டை ஊசி வளைவுக்கும் தயாராகப் போகட்டும், ஓவியர்களுக்கு வாந்தி வந்தால் அன்றைய வேலை கெட்டுவிடும். மா பூப்பது மார்கழி, தை. பூவிலிருந்தே தொடங்க வேண்டும் என்றால் கார்த்திகைக்குள் ஆள் முடிவாகி, தாளும் வண்ணமும் வாங்கியாக வேண்டும். நல்ல பருத்தித் தாள் உள்ளூர்க் கடையில் கிடைக்காது, வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், அதற்கே ஒரு மாதம் ஆகும்.

புதிதாக வருகிற ஓவியர்களுக்குப் பழம் வரைவதில் பயிற்சி தர நான் வருகிறேன். சம்பளமோ பஸ் காசோ வேண்டாம். வரைய வேண்டிய பழத்தை மட்டும் நீங்கள் வாங்கித் தந்துவிடுங்கள், வரைந்து முடித்த பிறகு அது யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
மதுரை